ரெண்டரை லட்சம் பல்பு எரிந்த கடற்கரை: கோனி ஐலண்ட் பற்றி அண்ணாச்சியிடம் கேளுங்கள்

நெல்லைப் பக்கத்துக் கோயில் கொடைகளுக்கும் பொருட்காட்சிகளுக்கும் லைட் அலங்காரம் செய்து ஓய்வுபெற்றவர் அண்ணாச்சி. நியூயார்க்கின் கோனி ஐலண்ட் கடற்கரையில் இருந்த பழைய கேளிக்கைப் பூங்காக்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடிப் படிப்பவர். 1903-இல் ரெண்டரை லட்சம் பல்பு எரிந்தது என்று சொல்லி அவர் காட்டிய, அங்கிருந்த லூனா பார்க் என்ற பூங்காவின் இரவுப் படத்தைப் பார்த்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும், அவருடைய பதில்களும் இவை.

ஆரம்பிக்கும் முன்னே அவர் ஒன்று சொல்லச் சொன்னார்: "எந்த ஊர் ராட்டினமாக இருந்தாலும் சரி, பெண்பிள்ளைகள் சடையையும் துப்பட்டாவையும் முடிந்துகொண்டு ஏற வேண்டும். நடுவில் மறுபடியும் சொல்வேன், கோவிக்கக் கூடாது."

அம்பாசமுத்திரம்: கோனி ஐலண்ட் ஒரு தீவா, பூங்காவா? ஆளுக்கொன்று சொல்கிறார்களே அண்ணாச்சி.

நியூயார்க் நகரத்தில் புரூக்ளினின் தெற்குக் கோடி. அட்லாண்டிக் கடலைப் பார்த்த மணல்கரை. ஒரு காலத்தில் தீவாக இருந்தது, இடையில் ஓடிய ஓடையின் ஒரு பகுதியைத் தூர்த்த பிறகு நிலத்தோடு சேர்ந்துவிட்டது.

பூங்கா ஒன்றல்ல. 1895-இல் பால் பாய்ட்டன் என்ற நீச்சல்காரர் சுற்றிலும் வேலி அடைத்து, வாசலில் டிக்கெட் வைத்து 'சீ லயன் பார்க்' தொடங்கினார். அதைப் பார்த்து 1897-இல் ஜார்ஜ் டில்யூ 'ஸ்டீபிள்சேஸ்' திறந்தார். சீ லயன் நொடித்துப்போன இடத்தில் 1903-இல் 'லூனா பார்க்' வந்தது. அதற்குப் போட்டியாக 1904-இல் 'ட்ரீம்லேண்ட்'. மூன்று பெரிய பூங்காக்களும் ஒரே கரையில் சேர்ந்து ஓடியது 1904 முதல் 1911 வரைதான். பழைய படங்களில் பார்த்து எல்லோரும் பெருமூச்சு விடும் அந்தப் பொற்காலம் இவ்வளவு சின்னது.

ட்ரீம்லேண்ட் 1911 தீயோடு போயிற்று. லூனா 1944 தீக்குப் பிறகு தலைதூக்கவில்லை. ஸ்டீபிள்சேஸ் 1964 வரை தாக்குப்பிடித்தது. இப்போது அங்கே லூனா பார்க் என்று இருப்பது 2010-இல் திறந்த புதுப் பூங்கா.

மேலப்பாளையம், வயரிங் வேலை செய்பவர்: 1903-இல் ரெண்டரை லட்சம் பல்பு என்றீர்கள். நம்ப முடியவில்லை. எப்படிச் செய்தார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன் தம்பி.

1903 மே 16. ராத்திரி எட்டு மணிக்குத்தான் லூனாவின் கதவைத் திறந்தார்கள். வேண்டுமென்றேதான் இருட்டும்வரை காத்திருந்தார்கள். ஃபிரெடரிக் தாம்சன் என்பவர் கட்டட வரைபடம் பழகியவர், அவருடைய கூட்டாளி எல்மர் டண்டி பணம் புரட்டுவதில் கெட்டிக்காரர். கட்டடம் என்று பார்த்தால் பலகையும் சாந்துப்பூச்சும்தான். பகலில் கிட்டே போய்த் தட்டினால் பொத்தென்று சத்தம் கேட்கும். தாம்சனின் மூளை எங்கே இருந்தது என்றால், கோபுரம், வளைவு, மாடம், கைப்பிடிச்சுவர் என்று எல்லாவற்றின் விளிம்பிலும் பல்பு வரிசை ஓட்டினார். இருட்டினதும் பலகையும் சாந்தும் கண்ணுக்கு மறைந்துவிடும், கோடு மட்டும் நிற்கும். ஒளியாலேயே கட்டிய ஊர் மாதிரி தெரியும்.

நம்மூர்க் கொடைக்கு நாம் செய்வதும் இதே வேலைதான். சவுக்குக் கம்பும் மூங்கிலும் கட்டி, அதன்மேல் பலகையில் முருகன் உருவத்தை வரைந்து, கோட்டின்மேல் மட்டும் துளை போட்டுப் பல்பைச் சொருகுவோம். மயில் தோகை விரிவது போல் ஓடவேண்டும் என்றால், மர உருளையில் பித்தளைத் தகடு அடித்து மோட்டாரில் சுற்றவிடுவோம், தகடு தொடும் வரிசை மட்டும் எரியும். இப்போது அதற்கெல்லாம் சின்னதாக ஒரு சர்க்யூட் போர்டு வந்துவிட்டது.

ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. நம் சீரியல் செட்டில் சின்னச் சின்ன வோல்ட் பல்புகளைத் தொடர் இணைப்பில் கோத்து 230 வோல்ட்டில் கொடுப்போம். ஒன்று போனால் அந்த வரிசையே போய்விடும், டெஸ்டரை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். அவர்களுடையது இணை இணைப்பு. ஒன்று அணைந்தால் பக்கத்துப் பல்பு எரிந்துகொண்டே இருக்கும். அதனால் செம்புக் கம்பி ஏகமாகச் செலவாகும். அந்தக் காலத்துப் பல்புக்குள் கார்பன் இழை. டங்ஸ்டன் பிறகு வந்தது. வெளிச்சம் இளஞ்சிவப்பு கலந்த மஞ்சளாக இருக்கும், சூடு கடுமையாக இருக்கும்.

இன்னொன்றை நினைத்துப் பாருங்கள். அந்த வருஷம் அமெரிக்காவிலேயே பெரும்பாலான வீடுகளில் கரண்டு கிடையாது. மண்ணெண்ணெய் விளக்கில் துணி தைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், 10 சென்ட் கொடுத்து உள்ளே நுழைந்து அண்ணாந்து பார்க்கிறாள். அவள் முகத்தை நினைத்துத்தான் நான் இந்தச் சரித்திரத்தைப் படிக்கவே ஆரம்பித்தேன்.

நீங்கள் வயர்மேன் என்பதால் உங்களுக்குத் தனியாகச் சொல்கிறேன்: ஓலைப்பந்தலுக்குள் வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய ஒட்டு வேண்டவே வேண்டாம். கனெக்டர் போடுங்கள். ஏன் என்று கீழே தீயைப் பற்றிச் சொல்லும்போது தெரியும்.

திசையன்விளை: லூனா பார்க்கில் ஒரு யானையைக் கரண்டு வைத்துக் கொன்றார்களாமே? எடிசன் செய்தது என்கிறார்கள். உண்மையா?

கொன்றது உண்மை. எடிசன் செய்தது என்பது தவறு. இதை விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் அந்த யானைக்குச் செய்யவேண்டிய நியாயம் அதுதான்.

பெயர் டாப்ஸி. தென்கிழக்கு ஆசியாவில் பிறந்த ஆசிய யானை, நம் கோயில் யானைகளின் இனம். குட்டியாகக் கடத்திக்கொண்டு போய், அமெரிக்காவிலேயே பிறந்தது என்று பொய் விளம்பரம் செய்து சர்க்கஸில் விட்டார்கள். 1902-இல் புரூக்ளினில் குடித்துவிட்டு வந்த ஒருவன் அவளைச் சீண்டினான், சுருட்டால் துதிக்கையில் சுட்டான் என்று அப்போதைய பத்திரிகைகள் எழுதின. அவனைக் கொன்றுவிட்டாள். சர்க்கஸ்காரர்கள் அவளை சீ லயன் பார்க்குக்கு விற்றார்கள். அந்த இடத்தைத் தாம்சனும் டண்டியும் எடுத்தபோது யானையும் கூடவே வந்தது. லூனா கட்ட மரம் இழுத்தவள் அவள்தான். பாகன் குடிகாரன், அவன் செய்த ரகளைக்கெல்லாம் பழி யானை தலையில் விழுந்தது.

வைத்துப் பராமரிக்க முடியவில்லை என்றதும் முதலாளிகள் அதையும் காசாக்கப் பார்த்தார்கள். டிக்கெட் போட்டுத் தூக்கில் தொங்கவிடப் போவதாக அறிவித்தார்கள். மிருகவதைத் தடுப்புச் சங்கம் எதிர்த்தது. கடைசியில் 1903 ஜனவரி 4 அன்று, அழைக்கப்பட்டவர்கள் முன்னால், கேரட்டில் சயனைடு வைத்துக் கொடுத்து, காலில் செம்புத் தகடு கட்டி 6,600 வோல்ட் பாய்ச்சி, கழுத்துக் கயிற்றை நீராவி எந்திரத்தால் இறுக்கினார்கள். அதற்கு முன், கொல்வதற்குக் குறித்த இடத்துக்குப் போகும் பாலத்தைத் தாண்டி வரவே மாட்டேன் என்று நின்றுவிட்டாள். கூட்டிக்கொண்டு வந்தால் 25 டாலர் தருகிறோம் என்று பாகனிடம் சொன்னபோது, குடிகாரன் என்று பெயரெடுத்த அவனே முடியாது என்று சொல்லிவிட்டான். அப்புறம் அவள் நின்ற இடத்துக்கே வயரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

எடிசன் பெயர் எங்கே வந்தது? படம் பிடித்தது எடிசன் பெயரிலிருந்த படக் கம்பெனி. கரண்டு கொடுத்தது புரூக்ளினில் எடிசன் பெயர் தாங்கிய மின்சாரக் கம்பெனி, அது அவருக்குச் சொந்தமானதல்ல. அவர் அன்று அங்கே இல்லவும் இல்லை.

கடையநல்லூர்: அண்ணாச்சி, டெஸ்லாவின் ஏசி கரண்டு ஆபத்தானது என்று காட்டத்தான் எடிசன் யானையைக் கொன்றார் என்று ஒரு வீடியோவில் தெளிவாகச் சொல்கிறார்களே?

தெளிவாகச் சொல்கிறார்கள், ஆனால் தேதியைப் பார்க்கவில்லை. ஏசி என்ற மாறுமின்சாரமா, எடிசன் விற்ற டிசி என்ற நேர்மின்சாரமா என்ற சண்டை 1880-களின் கடைசியில் நடந்தது. 1892-இல் எடிசன் கம்பெனி இன்னொன்றோடு சேர்ந்து ஜெனரல் எலக்ட்ரிக் ஆனது, அதில் எடிசனின் கை ஓங்கவில்லை. 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்கு விளக்கு போட்டது எடிசனுக்குப் போட்டியான வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியின் ஏசி. 1896-இல் நயாகராவிலிருந்து பஃபலோ ஊருக்கு ஏசி போய்ச்சேர்ந்தது. சண்டை முடிந்து பத்து வருஷத்துக்குப் பிறகு யாரிடம் எதை நிரூபிக்க ஒரு யானையைக் கொல்வார்?

கதைக்கு ஒரு வேர் இருக்கிறது, மறைக்கவில்லை. 1888-இல் ஹெரால்ட் பிரவுன் என்பவர் எடிசனின் பரிசோதனைக் கூடத்தில் நாய், கன்றுக்குட்டி, குதிரையை ஏசி கரண்டு வைத்துக் கொன்று காட்டினார். அது நடந்தது. அது எடிசனுக்குப் பெருமை இல்லை. இரண்டு சம்பவங்களையும் போட்டுக் குழப்பியதுதான் அந்த வீடியோ.

திருச்செந்தூர்: ஆளைக் கொன்ற யானையை வேறு என்னதான் செய்வது? உணர்ச்சிவசப்பட்டுப் பேசுகிறீர்கள்.

ஆமாம், உணர்ச்சியோடுதான் பேசுகிறேன். உங்கள் ஊர்க் கோயில் யானை 2024 நவம்பரில் ஆளைக் கொன்றதை நினைத்துக் கேட்கிறீர்கள் என்று புரிகிறது. பாகனும் உறவினரும் போனது பெரிய துக்கம். ஆனாலும் அந்த யானையை அடித்துக் கொல்லுங்கள் என்று ஊரில் கூட்டம் திரளவில்லை. வனத்துறையும் கால்நடை மருத்துவர்களும் வந்து பார்த்தார்கள். அந்தப் பக்குவம் 1903-இல் புரூக்ளினில் இல்லை என்பதுதான் என் ஆத்திரம். 2025 ஜனவரியில் நெல்லையப்பர் கோயில் யானை காந்திமதி மறைந்தபோது நம்மூர் சனம் அழுததைப் பார்த்தோமே. டாப்ஸிக்கு நூறு வருஷம் கழித்து, 2003-இல்தான் கோனி ஐலண்டில் ஒரு நினைவுச் சின்னம் வைத்தார்கள்.

பேட்டை: எடிசன் அங்கே இல்லை என்பதற்காக அவருக்குச் சம்பந்தமே இல்லை என்று சொல்ல முடியுமா? படத்தை விற்றுக் காசு பார்த்தது அவர் கம்பெனிதானே?

இது நியாயமான கேள்வி. அந்தக் கம்பெனி படத்தை எடுத்து விற்றது. அந்தப் பழி அதற்கு உண்டு, அதை யாரும் கழுவ முடியாது. ஆனால் "கொன்றது யார்" என்று கேட்டால் தாம்சன், டண்டி என்ற இரண்டு பூங்கா முதலாளிகளின் பெயரைத்தான் சொல்ல வேண்டும். எடிசன் பெயரைச் சொல்லிச் சொல்லி அவர்களைத் தப்பிக்க விட்டுவிட்டோம். ரெண்டரை லட்சம் பல்பு போட்ட அதே கைதான் இதையும் செய்தது. லூனாவை நான் நேசிக்கிறேன் என்பதற்காக அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பாளையங்கோட்டை, ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி நர்ஸ்: குறைமாதக் குழந்தைகளைக் காட்சிக்கு வைத்தார்கள் என்று படித்தேன். கேட்கவே பதறுகிறது.

பதறத்தான் செய்யும் அம்மா. ஆனால் இந்தக் கதை நீங்கள் நினைக்கும் பக்கம் போகாது.

மார்ட்டின் கூனி என்று ஒருவர். டாக்டர் என்று சொல்லிக்கொண்டார், பட்டம் வாங்கியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. லூனா திறந்த 1903-இலிருந்து 1943 வரை ஒவ்வொரு கோடையிலும் இன்குபேட்டர் கூடம் நடத்தினார். அந்தக் காலத்து ஆஸ்பத்திரிகள் பலவற்றில் இன்குபேட்டர் கிடையாது. குறைமாதத்தில் பிறந்தால் விதி என்று விட்டுவிடுவார்கள். ஆஸ்பத்திரி கைவிட்ட குழந்தைகள் இவரிடம் வந்தன. பெற்றோரிடம் ஒரு காசு வாங்கவில்லை. பார்க்க வருகிறவர்களிடம் 25 சென்ட் வாங்கினார், அந்தக் காசில்தான் நர்ஸ் சம்பளம், எந்திரம், தாய்ப்பால் கொடுக்கும் பெண்களின் செலவு எல்லாம். அந்தப் பெண்கள் வெளியே போய்க் கண்டதைத் தின்றால் வேலையை விட்டு நிறுத்திவிடுவாராம், அவ்வளவு கண்டிப்பு.

அங்கே தலைமை நர்ஸாக இருந்த லூயிஸ் என்ற அம்மாள் கையிலிருந்த வைர மோதிரத்தைக் கழற்றி, குழந்தையின் கைக்குள் விட்டு மணிக்கட்டுக்கு மேலே ஏற்றிக் காட்டுவார். கூட்டம் மூச்சுவிடாமல் பார்க்கும். தன் சொந்த மகளே குறைமாதத்தில் பிறந்தபோது கூனி அவளையும் அங்கேதான் வைத்து வளர்த்தார். தன்னிடம் வந்த சுமார் 8,000 குழந்தைகளில் 6,500 பேர் பிழைத்ததாக அவர் கணக்கு சொன்னார். நியூயார்க்கில் ஆஸ்பத்திரியிலேயே குறைமாதக் குழந்தைகளுக்குத் தனிப்பிரிவு வந்ததும், தன் வேலை முடிந்தது என்று 1943-இல் மூடிவிட்டார்.

காட்சிக்கு வைத்தது சரியா என்று கேட்டால், அங்கே பிழைத்து வளர்ந்தவர்கள் முதுமையில் என்ன சொன்னார்கள் என்பதைத்தான் நான் பார்ப்பேன். அவர்கள் நன்றியோடுதான் பேசினார்கள்.

பணகுடி: ஏன் இத்தனை தீவிபத்து? யாராவது வைத்ததா?

வைக்கவே தேவையில்லை. பலகை, சாந்துப்பூச்சு, தார், சூடான பல்பு, கடல்காற்று. இதற்கு மேல் என்ன வேண்டும்?

1911 மே 27, விடிவதற்கு முன். விடிந்தால் கோடைக் கூட்டம் வரவேண்டும். ட்ரீம்லேண்டில் 'நரக வாசல்' என்ற படகுச் சவாரியில் தண்ணீர் ஓடும் தொட்டி ஒழுகியது. கொதிக்கும் தாரை ஊற்றி அடைத்துக்கொண்டிருந்தார்கள். பல்புகள் வெடித்து இருட்டானது, அந்த இருட்டில் தார் வாளி கவிழ்ந்தது. விடியும்போது 375 அடி வெள்ளைக் கோபுரம் உட்பட எல்லாம் சாம்பல். பிளாக் பிரின்ஸ் என்ற சிங்கம் பிடரி எரிய எரியத் தெருவுக்கு ஓடிவந்தது, போலீஸ் சுட்டார்கள். அங்கேயும் இருந்த கூனியின் இன்குபேட்டர் கூடத்துக் குழந்தைகள் செத்துவிட்டதாக முதலில் பத்திரிகையில் வந்தது, அது தவறு. நர்ஸ்கள் ஒரு குழந்தையைக்கூட விடாமல் தூக்கிவந்துவிட்டார்கள். மனிதர் யாரும் சாகவில்லை.

1907-இல் ஸ்டீபிள்சேஸ் எரிந்தபோது டில்யூ மறுநாளே பலகை எழுதி வைத்தார்: இதைவிடப் பெரிதாகக் கட்டுவேன், எரிந்த இடத்தைப் பார்க்க 10 சென்ட். கட்டியும் காட்டினார், இரும்பும் கண்ணாடியுமாக. அந்த மண்டபம்தான் கடைசிவரை நின்றது.

பந்தல்காரர்கள், லைட்காரர்கள் எல்லோருக்கும்: வேலை முடியவேண்டிய கடைசி ராத்திரியில்தான் தப்பு நடக்கும். வெல்டிங்கோ தாரோ சூடம் கொளுத்துவதோ, பக்கத்தில் மணல் வாளியும் ஒரு ஆளும் இருக்க வேண்டும்.

தென்காசி, மெக்கானிக்கல் மாணவர்: தலைகீழாகச் சுற்றும் ரோலர் கோஸ்டர் முதலில் அங்கேதான் வந்ததா? ஏன் நிறுத்தினார்கள்?

1895-இல் சீ லயன் பார்க்கில் 'ஃபிளிப் ஃபிளாப்' என்று ஒன்று. 25 அடி குறுக்களவுள்ள வட்டம், சுத்தமான வட்டம். அதுதான் வினை. நேர் தண்டவாளத்திலிருந்து வட்டத்துக்குள் நுழைகிற கணத்தில் வண்டி முழு வேகத்தில் இருக்கிறது, வளைவோ திடீரென்று இறுகுகிறது. உடம்பு எடை பல மடங்காகி அத்தனையும் கழுத்தில் இறங்கும். கழுத்துச் சுளுக்கோடு இறங்கினவர்கள் அநேகம்.

1901-இல் எட்வின் பிரெஸ்காட் 'லூப் த லூப்' கட்டினார், வட்டத்தை நீள்வட்டமாக்கினார். கழுத்து தப்பியது. ஆனால் ஒரு வண்டியில் நாலே பேர்தான். ஏறுகிறவர்களைவிட, காசு கொடுத்து நின்று வேடிக்கை பார்த்தவர்கள் அதிகம். வியாபாரம் கட்டவில்லை. கீழே அகலமாக ஆரம்பித்து மேலே போகப் போக இறுகும் கண்ணீர்த்துளி வடிவம் நிலைத்தது 1976-இல், கலிபோர்னியாவில்.

வண்டி ஏன் தண்டவாளத்தை விட்டு எழும்பவில்லை என்று அடுத்துக் கேட்பீர்கள். சக்கரம் மேலே மட்டும் இல்லை, தண்டவாளத்துக்கு அடியிலும் உண்டு. ஜான் மில்லர் 1919-இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். அது வந்த பிறகுதான் செங்குத்தான இறக்கம் கட்டத் துணிந்தார்கள். 1927 ஜூன் 26-இல் திறந்த 'சைக்ளோன்' அதில் பிறந்தது: 85 அடி உயரம், மணிக்கு 60 மைல், இரும்புச் சட்டத்தின்மேல் மரத் தண்டவாளம். இன்றும் ஓடுகிறது. ஏற்றத்தில் தடதடவென்று கேட்கும் சத்தம், வண்டி பின்னால் உருளாமல் பிடிக்கும் பல்கட்டையின் சத்தம். அந்தச் சத்தம் கேட்டால் நிம்மதியாக உட்காரலாம்.

சங்கரன்கோவில்: உலகத்தின் முதல் ராட்சத ராட்டினம் கோனி ஐலண்டில்தானே?

இல்லை. 1893 சிகாகோ கண்காட்சியில் ஜார்ஜ் ஃபெரிஸ் கட்டியது, 264 அடி. டில்யூ அதை விலைக்குக் கேட்டார், கிடைக்கவில்லை. 125 அடியில் சின்னதாக ஒன்று செய்து, உலகிலேயே பெரியது என்று பலகை மாட்டிவிட்டார்.

சடையை முடிந்துகொள்ளுங்கள்.

ஆலங்குளம்: முதல் ராட்டினம் அங்கேதான் என்று எங்கள் சார் சொன்னார்.

மேலே பாருங்கள்.

களக்காடு: கன்னியாகுமரி பூங்காவில் இப்போது டிக்கெட் எவ்வளவு? சென்னை விஜிபி சிலை மனிதர் பற்றியும் சொல்லுங்கள்.

டிக்கெட் விலைக்கு அங்கேயே போன் போடுங்கள். விஜிபி பற்றிச் சென்னைக்காரர்கள் சொல்வதுதான் முறை.

வள்ளியூர்: பொருட்காட்சி என்றால் நமக்கு டெல்லி அப்பளம், மிளகாய் பஜ்ஜி. அவர்களுக்கு என்ன?

ஹாட் டாக். சார்லஸ் ஃபெல்ட்மேன் என்ற ஜெர்மன்காரர் தள்ளுவண்டியில் ரொட்டிக்குள் சாசேஜ் வைத்து விற்று, பெரிய ஓட்டல் கட்டினார். அவரிடம் வேலை பார்த்த நேதன் ஹேண்ட்வெர்க்கர் என்ற போலந்து யூதர் 1916-இல் தனிக்கடை போட்டார். முதலாளி 10 சென்ட், இவர் 5 சென்ட். விலை இவ்வளவு குறைவென்றால் என்ன கறியோ என்று சனம் தயங்கியதாம். உடனே சிலருக்கு டாக்டர் வெள்ளைக்கோட்டு மாட்டி, கடை முன்னால் நின்று சாப்பிட வைத்தார் என்று சொல்வார்கள்.

அந்த 5 சென்டைக் கவனியுங்கள். 1920-இல் சுரங்க ரயில் கடற்கரை வரை வந்தது, டிக்கெட் 5 சென்ட். தையல் கூடத்திலும் துறைமுகத்திலும் வேலை பார்த்த குடியேறிகள் குடும்பத்தோடு வந்து, குளித்து, தின்று, ஒரு சவாரி ஏறித் திரும்ப, ஒரு நாள் கூலியில் ஒரு துண்டு போதும். கோடை ஞாயிறுகளில் பத்து லட்சம் பேர் கூடினார்கள். பணக்காரர்கள் வேறு கடற்கரைக்குப் போய்விட்டார்கள். கோனி ஐலண்டின் பெருமை என்று நான் நினைப்பது இதைத்தான்: ஏழைக்கு எட்டும் விலையில் ஒரு நாள் சந்தோஷம். பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடி போகும் உப்பளத் தொழிலாளிக்கு இது புரியும்.

நாங்குநேரி: டிரம்ப்பின் அப்பா ஒரு பூங்காவை இடித்தாராமே?

ஸ்டீபிள்சேஸை. 1965-இல் ஃபிரெட் டிரம்ப் வாங்கினார், அடுக்குமாடி கட்டுவதற்காக. 1966 செப்டம்பரில் ஆட்களைக் கூப்பிட்டு விருந்து வைத்து, டில்யூவின் கண்ணாடி மண்டபத்தின்மேல் கல்லெறியச் சொன்னார். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று அரசு அறிவிப்பதற்கு முன்னே இடித்துவிட வேண்டும் என்பது கணக்கு. வீடு கட்ட அனுமதியும் கிடைக்கவில்லை. அந்த மண் பல வருஷம் சும்மா கிடந்து, 2001-இல் பேஸ்பால் மைதானம் வந்தது. எரிந்துபோனதை மன்னிக்கலாம், இதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

உவரி: நம் கடற்கரையிலும் இப்படி ஒன்று கட்டினால் என்ன?

கடலோர ஒழுங்குமுறைச் சட்டம் 1991-இலிருந்து இருக்கிறது, அதை வக்கீலிடம் கேளுங்கள். நான் சொல்லக்கூடியது உப்புக்காற்று பற்றி. உங்கள் ஊரில் வீட்டு ஜன்னல் கம்பியே என்ன பாடு படுகிறது என்று தெரியும். சைக்ளோனை ஒவ்வொரு குளிர்காலமும் ஓட்டம் நிறுத்தி, பலகை பலகையாகப் பார்த்து மாற்றித்தான் ஓட்டுகிறார்கள். அந்தப் பராமரிப்புக்குக் காசு ஒதுக்காமல் யாரும் கடலோரத்தில் ராட்டினம் நட வேண்டாம். அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு வந்து போகும் ராட்டினமே போதும். அதிலும் போல்ட் கழன்றுவிடாமல் பிடிக்கும் பூட்டு ஊசி மாட்டியிருக்கிறதா என்று ஏறுமுன் ஒரு கண் பாருங்கள்.

சேரன்மகாதேவி: நம் நாட்டுக்காரர்கள் யாராவது அங்கே போயிருக்கிறார்களா?

1904-இல் லூனாவில் 'டெல்லி தர்பார்' என்று யானை ஊர்வலத்தோடு ஒரு காட்சி நடத்தினார்கள், கீழைநாடுகளிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து வேஷம் கட்டி நடக்கவிட்டார்கள். 1905-இல் பிலிப்பைன்ஸ் மலைவாசிகளான இகோரோட் மக்களை வேலிக்குள் வைத்துக் காட்டினார்கள். கூட்டிவந்த ட்ரூமன் ஹன்ட் அவர்களுடைய கூலியையே திருடித் தண்டனை பெற்றார். பழைய போஸ்ட்கார்டு படங்களில் சிரித்துக்கொண்டு நிற்கும் கூட்டத்துக்குப் பின்னால் வேலிக்குள் யார் நிற்கிறார்கள் என்றும் பாருங்கள்.

முக்கூடல்: எடிசன்தானே யானையைக்...

மூன்று பதில் எழுதியாயிற்று தம்பி. மேலே போய்ப் படியுங்கள்.

வண்ணார்பேட்டை, ஒரு அம்மா: மகன் நியூஜெர்சியில் இருக்கிறான், கோடைக்குப் போகிறேன். கோனி ஐலண்டில் பழசு என்று பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது?

அவசியம் போய்ப் பாருங்கள் அம்மா. மன்ஹாட்டனிலிருந்து டி, எஃப், என், க்யூ நான்கு ரயில்களில் எதில் ஏறினாலும் கடைசி நிறுத்தம் ஸ்டில்வெல் அவென்யூ. வெளியே வந்தவுடன் எதிரே நேதன் கடை, 1916-இலிருந்து அதே முனையில்.

முதலில் 'வொண்டர் வீல்'. 1920-இல் திறந்தது, 150 அடி. 24 பெட்டிகளில் 16 பெட்டி சட்டத்துக்குள் சறுக்கி ஆடும், 8 பெட்டி ஆடாது. இரண்டுக்கும் தனித்தனி வரிசை இருக்கும். நீங்கள் ஆடாத பெட்டி வரிசையில் நில்லுங்கள், கடலும் ஊரும் நிதானமாகத் தெரியும். சைக்ளோனில் மகன் ஏறட்டும், உங்கள் முதுகுக்கு வேண்டாம். மேற்கே சிவப்பு இரும்பில் நெட்டையாக நிற்பது 'பாராசூட் ஜம்ப்', 1939 உலகக் கண்காட்சியிலிருந்து 1941-இல் கழற்றிவந்து நட்டது. இப்போது ஓடுவதில்லை, ராத்திரி விளக்கு மட்டும் போடுகிறார்கள். மீன்காட்சிச்சாலை இருக்கும் இடம்தான் பழைய ட்ரீம்லேண்ட். மரப்பலகை நடைபாதை 1923-இல் போட்டது, செருப்பு வழுக்கும், ரப்பர் செருப்பாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

வார நாளில் மத்தியானத்துக்கு மேல் போய், இருட்டும்வரை இருந்து, வீலின் விளக்கு போட்டதும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். சேலை முந்தியை இடுப்பில் இறுகச் செருகிக்கொண்டு ஏறுங்கள்.